மழை விட்டது, தொழில் எழவில்லை: பேரிடர் மீட்புத் திட்டத்தின் பழுதை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழிமுறை

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை எனக்கு வேலை ஒன்றுதான்: மழையில் விழுந்த தொழிலை மறுபடி எழுப்ப முன்கூட்டியே எழுதிவைக்கும் பேரிடர் மீட்புத் திட்டம் எங்கே பழுதாகிறது என்று கண்டு சரிசெய்வது. ராமநாதபுரம் கடற்கரையில் இறாலும் நண்டும் கணவாயும் வாங்கிப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் திட்ட மேலாளராக இருக்கிறேன். மண்டபத்தில் குளிர்பதனக் கிடங்கு, தொண்டியிலும் கீழக்கரையிலும் கொள்முதல் மையங்கள், ராமநாதபுரத்தில் கணக்கு அலுவலகம். வாடைக்காற்று திரும்பியதும் இவற்றில் ஏதாவது ஒன்று விழும். விழும் விதம் மட்டும் ஆண்டுதோறும் மாறுவதில்லை. அதே ஏழெட்டுப் பழுதுகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ராமேசுவரத்தில் விடுதி நடத்தும் நண்பர்களும் உப்பளம் வைத்திருப்பவர்களும் தொலைபேசியில் விவரிப்பதும் இவற்றைத்தான்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவாகாத காரணத்தில் தொடங்கிச் செலவு மிகுந்த காரணத்தில் முடித்திருக்கிறேன். எந்த இடத்தில் நீங்கள் கையை எடுத்துவிட்டு, தெரிந்தவரை அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

எதைச் சோதித்தாலும் ஒரு கேள்வியைக் கூடவே வைத்திருங்கள்: இது நம்மிடம் எத்தனை இருக்கிறது? பாதை, கம்பி, சாவி, ஆள், எதுவானாலும் சரி. இரண்டு இருக்கிறது என்று பதில் வந்தால், அந்த இரண்டும் எங்காவது ஒரே இடத்தைக் கடக்கின்றனவா என்று அடுத்துக் கேளுங்கள். தீவில் தொழில் செய்பவர்களுக்கு இது விளக்காமலே புரியும். ராமேசுவரத்துக்குச் சாலை ஒன்று, ரயில் ஒன்று. இரண்டும் தாண்டுவது பாம்பன் கால்வாய் ஒன்றைத்தான்.

## எதையும் தொடும் முன்: உள்ளே நுழையலாமா?

தரையில் தண்ணீர் நின்றால் மின் இணைப்பைத் துண்டிக்காமல் யாரும் உள்ளே போகக்கூடாது. மெயின் சுவிட்ச் தண்ணீருக்கு உள்ளேயே இருந்தால் அதைத் தொடுவது உங்கள் வேலை இல்லை. மின்வாரியத்தை அழைத்து, கம்பத்தில் துண்டிக்கச் சொல்லுங்கள்.

ஐஸ் தொழிற்சாலையிலும் பெரிய கிடங்குகளிலும் அம்மோனியா ஓடுகிறது. மூக்கை அறுக்கும் நெடி வந்தால் சோதனை எதுவும் வேண்டாம். காற்று வரும் திசை நோக்கி எல்லோரும் வெளியேறுங்கள். ஆட்களை எண்ணுங்கள். தீயணைப்புத் துறையை அழையுங்கள். கிடங்கில் இருக்கும் சரக்கு எவ்வளவு மதிப்புடையது என்று அந்த நேரத்தில் யாரையும் பேசவிடாதீர்கள்.

## அறிகுறி 1: மின்சாரம் வந்துவிட்டது, கணக்கு சர்வர் எழவில்லை

### விளக்கே எரியவில்லை என்றால்

யுபிஎஸ் பேட்டரி முழுவதும் இறங்கியிருக்கும். சில யுபிஎஸ்கள் மின்சாரம் திரும்பிய பிறகும் கையால் பொத்தானை அழுத்தினால்தான் எழும். அடுத்து ஃபியூஸ், பிறகு பிளக். பாதி அழைப்புகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன.

மின்சாரம் வந்த உடனே சர்வரை எழுப்பாதீர்கள். புயல் மழைக்குப் பிறகு மின்னழுத்தம் ஏறி இறங்கி விளையாடும். இரண்டு மூன்று முறை வந்து போகும். கால் மணி நேரமாவது ஒரே சீராக நிற்கிறதா என்று பாருங்கள்.

### விளக்கு எரிகிறது, திரை வரவில்லை என்றால்

இது நம் ஊருக்கே உரிய நோய். உப்புக்காற்று சர்வரின் உள்ளே போய் இணைப்பு முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நினைவகப் பலகைகளைக் கழற்றி, மின்முனை துடைக்கும் திரவத்தால் துடைத்து மாட்டினால் பல முறை எழுந்துவிடும். எழுந்துவிட்டதே என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். பூத்துவிட்ட கருவிக்கு வாழ்நாள் குறைந்துவிட்டது என்று பொருள். அடுத்த மழைக்கு முன் மாற்றுவதற்கான பணத்தைக் கேட்டு வையுங்கள்.

### எழுந்தது, ஆனால் கணினிகள் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்றால்

வரிசை தவறியிருக்கும். முதலில் ரூட்டரும் சுவிட்சும், பிறகு சேமிப்புக் கருவி, பிறகு சர்வர், கடைசியில்தான் மேசைக் கணினிகள். இந்த வரிசையை எழுதி சர்வர் அறைக் கதவிலேயே ஒட்டிவையுங்கள். ஓர் ஆண்டு எங்கள் அலுவலகத்துத் தம்பி ஒருவர் நல்ல எண்ணத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டார். மேசைக் கணினிகள் முதலில் விழித்து, சர்வரைக் காணாமல், தத்தம் வட்டில் தனித்தனிக் கணக்கு தொடங்கிவிட்டன. அதைப் பிரித்தெடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. அவர்மீது தவறில்லை. வரிசை என் தலைக்குள் மட்டுமே இருந்தது.

### ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று தட்டுகிறது, அல்லது தண்ணீரில் நனைந்துவிட்டது என்றால்

இங்கே நிறுத்துங்கள். மறுபடி மறுபடி எழுப்பிப் பார்ப்பதுதான் மீட்கக்கூடிய தரவை மீட்க முடியாததாக்கும். நனைந்த வட்டை வெயிலில் காயவைப்பதும் தவறு. உப்பும் சேறும் தட்டின் மேல் இறுகிவிடும். ஈரத்தோடு நெகிழிப் பையில் கட்டி, தரவு மீட்கும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

சர்வரே போய்விட்டால் புதியது வாங்கும் வரை காத்திருக்கும்படி திட்டம் எழுதாதீர்கள். இருக்கிற கணினிகளில் எது தற்காலிகமாக அந்த வேலையைத் தாங்கும் என்று இன்றே பெயர் குறித்து வையுங்கள். 1964 டிசம்பர் புயல் பாம்பன் ரயில் பாலத்தைக் குலைத்தபோது, கடலில் விழுந்த இரும்புத் தூலங்களையே தேடி எடுத்து மீண்டும் பொருத்தினார்கள். ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் இருந்த அந்த வேலை 46 நாளில் முடிந்தது. புதிய தூலங்கள் வந்து சேரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் அந்த நாள்கணக்கு வந்திருக்காது.

## அறிகுறி 2: நகல் இருக்கிறது, திறக்கவில்லை

இந்த அறிகுறியைப் பார்த்து அழுதவர்களை எனக்குத் தெரியும். ஆகவே இதில் பொறுமையாகப் போங்கள்.

முதலில் கணக்குத் தரவின் நகல் (பேக்கப்) எந்தத் தேதியது என்று பாருங்கள். நகல் எடுக்கும் மென்பொருள் தினமும் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். கோப்பின் தேதி மூன்று மாதம் பழையதாக இருக்கும். அடுத்து அளவைப் பாருங்கள். நேற்றைய நகலும் இன்றைய நகலும் ஒரு எழுத்துகூட மாறாத அளவில் இருந்தால், அது தவறான கோப்புறையை நகலெடுக்கிறது.

தேதியும் அளவும் சரி என்றால், கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போதே நகல் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். திறந்த கோப்பின் நகல் பல நேரங்களில் அரைகுறையாக இருக்கும். அதற்கு முந்தைய இரவின் நகலை முயலுங்கள். அது திறந்தால் இழப்பு ஒரு நாள்தான்.

கடவுச்சொல் கேட்கிறது, யாருக்கும் தெரியவில்லை என்றால், அதை வைத்தவரைத் தேடுங்கள். எங்கள் அனுபவத்தில் அவர் வேலையை விட்டுத் துபாய் போயிருந்தார். நல்ல மனிதர், இரவில் அழைத்தும் எடுத்துச் சொன்னார். அன்றிலிருந்து முதன்மைக் கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையில் இரண்டு இடத்தில் இருக்கின்றன. ஓர் உறை ராமநாதபுரத்தில், மற்றொன்று பரமக்குடியில். இரண்டையும் மண்டபத்தில் வைத்திருந்தால் அது ஓர் உறைதான்.

### நகல் இணையச் சேமிப்பில் இருக்கிறது, இறங்க மறுக்கிறது என்றால்

பழுது எதுவும் இல்லாமலும் இது நடக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 ஜிகாபைட் தரவை நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் இறக்க 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் இணைப்பு ஒரு முறைகூட அறாமல் இருந்தால். மழைக்காலத்தில் அப்படி 22 மணி நேரம் எனக்குக் கிடைத்ததே இல்லை. ஆகவே மழை தொடங்கும் முன் இணைய நகலின் ஒரு பிரதியை வட்டில் இறக்கி, கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி ஒரு ஊரில் வையுங்கள்.

### எல்லாக் கோப்புகளின் பெயரும் மாறி, பணம் கேட்டு ஒரு செய்தி நிற்கிறது என்றால்

பிணைத்தொகை கேட்கும் நச்சுநிரல். நகல் வட்டு எப்போதும் சர்வரோடு செருகியே இருந்தால் அதுவும் பூட்டப்பட்டிருக்கும். வலையமைப்பிலிருந்து எல்லாக் கணினிகளையும் பிடுங்குங்கள். எதையும் அழிக்காதீர்கள். இணையவழிக் குற்றங்களுக்கான 1930 எண்ணில் சொல்லுங்கள். இத்தகைய நிகழ்வை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் ஒன்றிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு 2022 முதல் இருக்கிறது. மழைக்குழப்பத்தில் அது யார் பொறுப்பு என்றே பலருக்குத் தெரிவதில்லை. ஒரு பெயரை எழுதிவிடுங்கள். இதற்கு மேல் பாதுகாப்பு வல்லுநரின் வேலை.

மாதம் ஒரு முறை மீட்டெடுத்துப் பார்ப்பதுதான் இந்த அறிகுறி முழுவதற்கும் மருந்து. எங்களிடம் நடப்பது இப்படி: கணக்கர் பழைய பில் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து ஒரு எண்ணைச் சொல்வார். நகலை வேறொரு கணினியில் ஏற்றி அந்த பில்லைத் திரையில் காட்ட வேண்டும். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கடிகாரம் பார்த்து எழுதுகிறோம். அந்த எண்ணைத்தான் திட்டத்தில் மீட்பு நேரமாகக் குறிக்கிறேன். விற்பனையாளர் சொன்ன எண்ணைக் குறிப்பதில்லை.

## அறிகுறி 3: கிடங்கின் வெப்பநிலை ஏறுகிறது

உறைந்த கடல் உணவுக்கு எல்லைக்கோடு மைனஸ் 18 டிகிரி. முள் அதைத் தாண்டி ஏறத் தொடங்கினால் முதல் வேலை கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வாங்குவது. என்ன ஆயிற்று என்று ஆளுக்கு ஒரு முறை திறந்து பார்த்தே பாதிக் குளிர் போய்விடும்.

### ஜெனரேட்டர் தொடங்கவே இல்லை என்றால்

அவசர நிறுத்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறதா? பேட்டரி முனைகள் உப்புப் பூத்திருக்கின்றனவா? டீசல் குழாயில் காற்று அடைத்திருக்கிறதா? வடிகட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா? நான்கையும் இந்த வரிசையில் பார்க்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. தண்ணீர் அடிப்பகுதிவரை ஏறியிருந்தால் தொடாதீர்கள்; மெக்கானிக் திறந்து காயவைக்கும் வரை அது வெறும் இரும்பு.

### தொடங்கி, சிறிது நேரத்தில் நின்றது என்றால்

பெரும்பாலும் சுமை. மாதந்தோறும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம் என்பார்கள்; சுமை ஏற்றாமல் ஓட்டியிருப்பார்கள். வெறும் வயிற்றோடு ஓடியவன் மூட்டை தூக்குவான் என்பதற்கு அது சான்றாகாது. கம்ப்ரசர் இரண்டையும் கொடுத்து ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள்.

டீசல் தீர்ந்திருந்தால் கணக்கு தவறியிருக்கிறது. தொட்டியில் எத்தனை லிட்டர், முழுச் சுமையில் மணிக்கு எத்தனை லிட்டர், இரண்டையும் வகுத்தால் வருவதுதான் உங்களுக்கு இருக்கும் நேரம். பங்க் பக்கத்தில்தான் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். ஊருக்கே மின்சாரம் இல்லாதபோது பங்கின் பம்ப்பும் ஓடாது, அல்லது அங்கே வரிசை நிற்கும்.

### மின்சாரம் வந்துவிட்டது, கம்ப்ரசர் எழ மறுக்கிறது என்றால்

கம்பிகள் அறுந்து மறுபடி இணைக்கப்பட்ட ஊர்களில் மும்முனை மின்சாரத்தின் மூன்று ஃபேஸ்களின் வரிசை இடம் மாறி வந்துவிடுவது உண்டு. விளக்கு நன்றாக எரியும், மோட்டார் மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றும். பாதுகாப்புக் கருவி இருந்தால் அது தடுத்து நிறுத்தியிருக்கும். அதைத் தாண்டி வலுக்கட்டாயமாக ஓட்டச் சொன்ன மேலாளர்கள் உண்டு, வேண்டாம். எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் வரிசையை மாற்றுவார். கம்ப்ரசர் எரிந்தால் மாதக்கணக்கில் நிற்பீர்கள். இரண்டு முறை முயன்றும் எழாவிட்டால் குளிர்பதனத் தொழில்நுட்பரை அழையுங்கள்.

வெப்பநிலை ஏறி இறங்கிய சரக்கை விற்கலாமா கூடாதா என்ற முடிவும் உங்களுடையது அல்ல, முதலாளியுடையதும் அல்ல. பதிவான வெப்பநிலைத் தாளோடு தரக்கட்டுப்பாட்டு அலுவலரிடம் கொடுங்கள். அவர் கூடாது என்றால் கூடாது.

## அறிகுறி 4: யாரையும் பிடிக்க முடியவில்லை

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளின் எண் 1-லிருந்து 11 வரை போகிறது. பத்தாம் எண் வரை புயலின் தூரத்தையும் வலிமையையும் திசையையும் சொல்லும். 11-ஆம் எண் சொல்வது வேறு: எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. தொடர்பு அறுவதையும் ஓர் ஆபத்தாக எண்ணி அதற்கென ஓர் அடையாளத்தையே வைத்திருக்கிறார்கள். நம் நிறுவனத் திட்டங்களில் அந்தப் பதினொன்றாம் கூண்டு இருப்பதில்லை.

எளிய காரணம்: தொலைபேசிப் பட்டியல் சர்வரில் இருக்கிறது, சர்வர் படுத்துவிட்டது. அச்சிட்டு, மடித்து, ஒவ்வொருவர் பணப்பையிலும் வையுங்கள். அடுத்த காரணம்: பட்டியலில் விலகிப் போனவர்களின் எண். காலாண்டுக்கு ஒரு முறை எல்லா எண்ணையும் அழைத்துப் பாருங்கள். நான் செய்த முதல் முறை மூன்றில் ஒரு பங்கு செத்த எண்கள்.

இரண்டு நிறுவனத்தின் சிம் வைத்திருக்கிறோம், இரண்டும் போய்விட்டன என்றால், இரண்டின் கருவிகளும் ஒரே கோபுரத்தில் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். இணையக் கம்பிக்கும் இதே சோதனை. எங்கள் தொண்டி மையத்தில் இரண்டு நிறுவனக் கம்பிகளுக்கும் மாதந்தோறும் பணம் கட்டினோம். ஒரு நாள் கம்பியைப் பின்தொடர்ந்து நடந்தேன். இரண்டும் ஒரே மின்கம்பத்தில் தொங்கிக்கொண்டு வந்தன.

எல்லா வழியும் அற்றுவிட்டால் என்ன செய்வது என்பதை முன்பே பேசி வைத்திருந்தால் தொடர்பு தேவையே இல்லை. எங்கள் ஒப்பந்தம் எளியது. நான்கு மணி நேரம் செய்தி வராவிட்டால் ஒவ்வொரு மையமும் கொள்முதலை நிறுத்தும், ஆட்களை வீட்டுக்கு அனுப்பும், பணப்பெட்டியையும் குறிப்பேட்டையும் மேட்டுப்பகுதிக்கு மாற்றும். மறுநாள் காலை பத்து மணிக்கு ஒருவர் நேரில் ராமநாதபுரம் வருவார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கடலுக்குப் போன படகோ, வெள்ளத்தில் சிக்கிய ஆளோ கணக்கில் குறைந்தால் அங்கே உங்கள் திட்டம் முடிந்தது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

## அறிகுறி 5: தனித்தனியாக எல்லாத் திட்டமும் சரி, ஒன்றாக எழும்போது மோதுகின்றன

திட்ட மேலாளராக இருப்பவர் தவிர வேறு யார் கண்ணிலும் படாத பழுது இதுதான். கிடங்குக்காரர் தன் திட்டத்தை நன்றாக எழுதியிருப்பார், கணக்குக்காரர் தன்னுடையதை, ஏற்றுமதி ஆவணக்காரர் தன்னுடையதை. தணிக்கையிலும் எல்லாம் தேறிவிடும்.

நான் செய்த சோதனைக்கு ஒரு பெரிய சார்ட் தாளும் ஒரு மதியமும் தேவைப்பட்டன. இடப்பக்கம் நான்கு திட்டங்கள். மேலே ஆள், வண்டி, ஜெனரேட்டர், டீசல், இணையம், சாவி. ஒவ்வொரு திட்டமும் முதல் நான்கு மணி நேரத்தில் யாரை, எதை நம்பியிருக்கிறது என்று நிரப்பச் சொன்னேன். நிரப்பி முடித்ததும் அறையில் யாரும் பேசவில்லை. நான்கு திட்டத்திலும் ஒரே எலக்ட்ரீஷியனின் பெயர். மூன்று திட்டத்தில் ஒரே வேன். டீசல் தொட்டி ஒன்று, அதை முழுதாகத் தனக்கு என்று எழுதியவர்கள் இருவர்.

அந்த எலக்ட்ரீஷியன் இருப்பது ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தங்கச்சிமடமும் பாம்பனும் தப்பவில்லை. நான் அவரை ஒன்பது முறை அழைத்தேன். பத்தாவது முறை எடுத்து, "ஐயா, வீட்டுக்குள்ளே தண்ணீர். அம்மாவைத் தூக்கிக் கட்டிலின் மேல் உட்காரவைத்திருக்கிறேன்" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் நான்கு திட்டங்களிலும் அவர் ஒரு பெயராக மட்டும் இருந்தார். அவருக்கும் வீடு உண்டு, அந்த வீடும் அதே மழையில்தான் இருக்கும் என்பதை நாங்கள் எழுதியிருக்கவில்லை.

### ஒரே ஆள் பல திட்டத்தில் இருந்தால்

இரண்டாவது ஆள் வேறு ஊரில் இருக்க வேண்டும். தீவில் ஒருவர் என்றால் மற்றவர் பாலத்துக்கு இந்தப் பக்கம், உச்சிப்புளிக்கு மேற்கே. அவரை ஆண்டுக்கு ஒரு முறையாவது வரவழைத்து, கூலி கொடுத்து, இடத்தைக் காட்டுங்கள். விசைப்படகுகளுக்குத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை சரக்கு குறைவு. ஒத்திகைக்கு அதைவிட நல்ல நாள்கள் இல்லை.

### இரண்டாம் வழி தாளில் மட்டும் இருந்தால்

நண்பர் ஒருவரின் விடுதிக்கான திட்டத்தைப் படித்தபோது, சாலை அடைபட்டால் பணியாளர்கள் ரயிலில் வருவார்கள் என்று இருந்தது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுவிட்டது. புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். இடைப்பட்ட இரண்டு ஆண்டுக்கு மேல் அந்த வரி அப்படியே இருந்தது, இரண்டு முறை கையெழுத்தும் ஆகியிருந்தது. இன்று ரயில் ஓடுகிறது. ஆனாலும் காற்று வரம்பை மீறினால் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். நமக்கு அது தேவைப்படும் நாளும் பெரும்பாலும் அந்த நாளாகத்தான் இருக்கும்.

### எல்லாமே முதலில் வேண்டும் என்றால்

யார் எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்று முதலாளியிடம் எழுதி வாங்குங்கள். எல்லாம் முக்கியம் என்ற பதிலோடு அறையை விட்டு வராதீர்கள். எங்கள் வரிசை: கிடங்கின் குளிர் முதலில், சம்பளம் இரண்டாவது, கப்பல் நேரம் நெருங்கும் ஆவணங்கள் மூன்றாவது, பில் போடுவது கடைசி. சம்பளத்தை இரண்டாவதாக வைத்ததற்கு எதிர்ப்பு இருந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. நண்டுச் சதை பிரிக்கும் பெண்களுக்கு வாரக்கூலி. புயல் அடித்த வாரத்தில்தான் அந்தப் பணம் அவர்களுக்கு ஓலைக்கும் அரிசிக்கும் வேண்டும். கணினி எழவில்லை என்று அதை நிறுத்திவைப்பது நியாயம் இல்லை. சென்ற வாரத் தொகையையே ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியிருக்கிறோம். வங்கி இயந்திரங்கள் ஓடாத நாளுக்காக அந்த ரொக்கமும் தனியாக இருக்கிறது.

மோதல் இரண்டு நிறுவனங்களுக்கு இடையில் என்றால், ஒரே ஜெனரேட்டரை இருவர் வாடகைக்குப் பேசியிருப்பது போல, வழக்கறிஞரை வைத்து ஒப்பந்தத்தைத் திருத்துங்கள். வாய்ப்பேச்சு மழையில் கரைந்துவிடும்.

## அறிகுறி 6: திட்டம் இருந்தது, யாரும் தொடங்கவில்லை

கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்பது எளிய காரணம். எண்பது பக்கம் இருந்தது என்பது அடுத்தது. முதல் பக்கத்தைத் தவிர மற்றதை அன்று யாரும் படிக்க மாட்டார்கள், ஆகவே முதல் பக்கத்தில் வேலைகள் மட்டும் இருக்கட்டும்.

கடினமான காரணம், தொடக்கக் கட்டளையைப் புயலின் பெயரோடு கட்டிவிடுவது. "புயல் கரையைக் கடக்கும் என அறிவிக்கப்பட்டால்" என்று எழுதியிருப்பார்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, வலுவிழந்து, நம் கரைக்கு அருகிலேயே நகராமல் நின்றது. கடக்கும் கடக்கும் என்று காத்திருந்தவர்களுக்குக் கட்டளை பிறக்கவே இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. மேலே சொன்ன 2024 நவம்பர் மழைக்கோ பெயரே கிடையாது.

கண்ணால் காணும் அளவுகளை வைத்துக் கட்டளையை எழுதுங்கள். இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. வாசற்படியின் இரண்டாம் படி மூழ்கியது. பாம்பனில் 3-ஆம் எண் கூண்டு ஏறியது. மூன்றில் எது நடந்தாலும் பணியில் இருப்பவர்களில் மூத்தவர் தொடங்கலாம். தேவையில்லாமல் தொடங்கிவிட்டார் என்று பிறகு யாரையும் கடிந்துகொள்ளக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதி முதலாளியின் கையெழுத்தை வாங்குங்கள். அது இல்லாதவரை யாரும் தொடங்க மாட்டார்கள்.

## அறிகுறி 7: எழுந்துவிட்டோம், கணக்கு பொருந்தவில்லை

கடைசி நகலுக்கும் சர்வர் விழுந்த நேரத்துக்கும் இடையில் நடந்தவை காணாமல் போயிருக்கும். கையால் எழுதிய சீட்டுகளில் சில இரண்டு முறை ஏறியிருக்கும். எந்த நிமிடம் வரை கணினி, எந்த நிமிடத்திலிருந்து தாள் என்ற கோட்டை முதலில் கிழியுங்கள். அதன் பிறகுதான் பதிவு.

கீழக்கரை மையத்தின் மூத்த கணக்கரை நாங்கள் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் அழைப்போம். கணினி வந்த பிறகும் தடித்த அட்டைப் புத்தகத்தில் படகின் பெயர், எடை, விலை, நேரம் நான்கையும் எழுதிவந்தார். நிறுத்தச் சொல்லலாமா என்று நானே ஒரு கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். ஒரு மழைக்குப் பிறகு மூன்று நாள் கொள்முதலை அந்தப் புத்தகத்திலிருந்து அப்படியே எழுப்பினோம். ஒரு படகுக்காரருக்கும் ஒரு ரூபாய் தவறவில்லை. இப்போது எல்லா மையத்திலும் அந்தப் புத்தகம் இருக்கிறது. சீட்டுகளுக்குத் தனி வரிசை எண்ணும், எழுத்து கரையாத பந்துமுனைப் பேனாவும் அவர் சொன்ன திருத்தங்கள்.

வரி விலைப்பட்டியல்களின் எண் இடையில் அறுந்திருந்தால் நீங்களாக இட்டு நிரப்பாதீர்கள். தணிக்கையாளரிடம் கொண்டுபோங்கள்.

## அறிகுறி 8: காப்பீட்டுக் கோரிக்கை திரும்பி வந்தது

புயல், வெள்ளம் ஆகியவை உங்கள் பாலிசியில் உள்ளடங்கியிருக்கின்றனவா என்று மழைக்கு முன்பே பாருங்கள். கிடங்கின் மின்தடையால் கெடும் சரக்குக்குப் பெரும்பாலும் தனிப் பிரிவு எடுக்க வேண்டும்.

சேதம் ஆனபின் திரும்பி வருவதற்கு நான் கண்ட காரணம் பெரும்பாலும் ஒன்று: மதிப்பீட்டாளர் வரும் முன் கழுவித் துடைத்துவிட்டார்கள். ஆபத்தானதை மட்டும் அகற்றுங்கள். மற்றதைத் தேதியோடு படம் எடுங்கள். கெட்ட சரக்கை எண்ணி எடை போட்டுத் தனியே வையுங்கள். தண்ணீர் ஏறிய உயரத்தில் சுவரில் கோடு கிழித்து நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். மதிப்பீட்டாளர் பார்த்துவிட்டுப் போன பிறகும் அந்தக் கோட்டின் மேல் வெள்ளையடிக்க விடாதீர்கள். ஜெனரேட்டர் மேடையை எத்தனை அடி உயர்த்த வேண்டும் என்று கொத்தனார் வந்து கேட்கும்போது, நாங்கள் அதைத்தான் காட்டினோம்.